குருவிச் சட்டியும் நுளம்பும்

கடல்நீரேரி வடகடலைச் சேரும் முகத்தில் அமைந்த தொண்டைமானாற்றில், சோளகம் வீசும் வரண்ட மாதங்களில் புலுனிகளும் மைனாக்களும் நீர் தேடி வளவுகளுக்கு வரும்போது, அவற்றுக்கென வைக்கப்படும் மண்சட்டி ஈடிஸ் நுளம்புக்கும், அதாவது டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பினத்துக்கும், இடங்கொடுத்துவிடக்கூடும். இந்நுளம்பு நன்னீரிலேயே பெருகும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. எனினும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நோபிள் சுரேந்திரனும் ரஞ்சன் இராமசாமி முதலியோரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கைக் கரையோரங்களில் கைவிடப்பட்ட கிணறுகள், படகுகள், போத்தல்கள் ஆகியவற்றில் லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீரிலும் அதன் குடம்பிகள், அதாவது முட்டையிலிருந்து வெளிவரும் புழுக்கள், வாழ்வதைக் காட்டியது. கடல்நீரின் உப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவான இவ்வளவு உப்பு எந்தப் பறவைச் சட்டியிலும் இராதாகையால், உவர்க்கிணற்று நீர் காப்பாகும் என்று கருதுவதில் பொருளில்லை.

குடம்பி வாற்பக்கக் குழாயை நீர்மட்டத்தில் பொருத்தித் தலைகீழாகத் தொங்கியபடி மூச்சுவிடும். நிழல் பட்டதும் நெளிந்து அடிக்கு இறங்கும். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாட்கள் போதுமாதலால், இரு நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றினால் குடம்பிகள் அழியும். ஆயினும் முட்டைகள் அழியா. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த நீளமுடைய அக்கரிய முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் ஊறிய சொரசொரப்பான சுவரில் ஒட்டிக்கொண்டு, உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். ஆகவே சட்டியைக் கவிழ்த்து ஊற்றுவது பாதி வேலையே. விளிம்புவரை தும்பால் அழுத்தித் தேய்ப்பதே மீதி. சுண்ணக்கற் பாறையில் ஊறிய நீர் படியவிடும் வெண்படையைத் தேசிக்காய்ப் புளி கரைத்துவிடும். சவர்க்காரம் வேண்டாம், அது இறகின் எண்ணெய்ப் பசையைப் போக்கிவிடும்.

சட்டி இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமின்றி இருக்கட்டும்; நிழலில் இருந்தால் பாசி தாமதித்தே படரும். எச்சம் விழுந்த நீரில் சல்மனெல்லா போன்ற பற்றீரியாக்கள் பெருகக்கூடுமாதலால், அந்நீரை அன்றே கொட்டிவிட வேண்டும்.

கோடை முழுவதும் பேணப்பட்ட சட்டி ஐப்பசி மழையோடு மறக்கப்படுவதே பெருந்தீங்கு; ஏறும் மழைநீர் விளிம்பில் காத்திருந்த முட்டைகளைத் தொட்டதும் அவை பொரிக்கத் தொடங்கும். மாரிக்கு முன்னர் சட்டியைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, கூரையின் கீழ்க் கவிழ்த்து வைத்தல் வேண்டும்.