திருவக்கரை கல்மரமும் லேசர் கண்ணாடியும்

திருவக்கரை வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள், பக்கத்திலுள்ள கல்மரப் பூங்காவையும் எட்டிப் பார்ப்பதுண்டு. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த மரங்களுக்குள் சிலிக்கா மெல்ல ஊறி, ரேகைகூட மாறாமல் கல்லாக்கிவிட்டது. (துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்!)

அதே சிலிக்காதான் அமெரிக்காவின் லைகோ ஆய்வகத்தில் லேசர் ஒளியைக் கட்டி மேய்க்கிறது.

முகம் பார்க்கும் கண்ணாடி, விழும் ஒளியில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். லேசருக்கு இது ஆகாது. விழுங்கிய ஒளி சூடாகி, கண்ணாடியின் வடிவம் மாறி, ஒளிக்கற்றையும் குலைந்துவிடும். அதனால் 40 கிலோ சிலிக்கா உருளையின் முகத்தில் சிலிக்கா ஒரு படலம், டான்டலம் ஆக்சைடு ஒரு படலம் என மாற்றி மாற்றிப் பூசுகிறார்கள். ஒவ்வொன்றும் தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லியது. ஒரு படலம் துளி ஒளியைத்தான் திருப்பும். ஆனால், தடிமனை ஒளியின் அலைநீளத்தில் கால்பங்காக அமைப்பதால், எல்லாப் படலங்களும் திருப்பும் ஒளி ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்கிறது. கடைக்கோடிக் கண்ணாடியில் லட்சத்தில் ஒரு பங்குகூட ஊடுருவித் தப்பாது! முகம் லேசாகக் குழிந்திருப்பதால், 4 கிலோமீட்டர் போய்த் திரும்பினாலும் கற்றை விரிந்து சிதறுவதில்லை.

2015 செப்டம்பர் 14-ல் ஈர்ப்பு அலை முதன்முதலில் சிக்கியது இந்த ஏற்பாட்டில்தான். சிக்கலும் இங்கேயேதான். வெப்பத்தால் படலத்தின் அணுக்களே நடுங்குகின்றன. மெல்லிய ஈர்ப்பு அலைகள் அந்த நடுக்கத்தில் மறைந்துபோகின்றன. டைட்டானியம் ஆக்சைடு கலந்து கொஞ்சம் அடக்கியிருக்கிறார்கள். இன்னும் அடங்கிய கலவைக்குத் தேடல் நடக்கிறது.

மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் அமையும் லைகோ-இந்தியாவுக்கு 2023-ல் மத்திய அரசு சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அங்கேயும் தொங்கப்போவது இந்த வகைக் கண்ணாடிகள்தான்.