இனிஷியலில் ஒளிந்திருக்கும் வில்லங்கம்!

"உங்க பேரு என்ன?"

இந்தக் கேள்விக்கு எல்.கே.ஜி. குழந்தைகூட டக்கென்று பதில் சொல்லிவிடும். ஆனால், தாம்பரத்தில் சொந்த வீடு வைத்திருக்கும் நடுவயதுக்காரர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்... "எந்த ரெக்கார்டுல சார்?" என்று திருப்பிக் கேட்பார்!

நியாயம்தானே? பத்திரத்தில் அவர் சு.முருகன். பள்ளிச் சான்றிதழில் எஸ்.முருகன். பான் கார்டுக்கு இனிஷியல் ஆகாது, அப்பா பேரை விரித்து எழுது என்பார்கள். அதனால் அங்கே சுப்பிரமணியன் முருகன். விளைவு? வங்கியிலிருந்து போன் வந்தால், "மிஸ்டர் சுப்பிரமணியன் இருக்காரா?" என்கிறார்கள். அவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆச்சு!

பெண்கள் பாடு இன்னும் மோசம். கல்யாணம் வரை ரா.லட்சுமி. கழுத்தில் தாலி ஏறியதும் மு.லட்சுமி. இங்கிலீஷில் எழுதும்போது நடுவில் 'கே, எஸ், எச்' என்று மூன்று எழுத்துப் போடுகிறவர் உண்டு. ஒரே ஒரு 'எக்ஸ்' போட்டு வேலையை முடிப்பவரும் உண்டு. நமக்கு எல்லாம் ஒரே லட்சுமிதான். கம்ப்யூட்டருக்கோ நாலு பேர்!

'இருந்துட்டுப் போகட்டுமே' என்கிறீர்களா? அந்த நாலு பேரில் ஒருத்தி வீட்டை அடமானம் வைத்திருந்தால்..?

சில வருஷங்களுக்கு முன், நண்பர் ஒருவர் சேலையூர் பக்கம் பழைய வீடு ஒன்றை விலை பேசினார். விற்பவர் கையோடு ஈ.சி. கொண்டு வந்திருந்தார். ஈ.சி. என்றால் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் தரும் வில்லங்கச் சான்று. அதில் 'நில்'! அதாவது வில்லங்கம் எதுவும் இல்லை. நண்பர் அட்வான்ஸ் செக்கில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். "ரெண்டு நாள் பொறுங்க" என்று சொல்லி, எனக்குத் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவரிடம் எல்லோரையும் அழைத்துப் போனேன். நாற்பது வருஷ சர்வீஸ் போட்ட பெரியவர்.

அவர் ஈ.சி.யைப் படிக்கவில்லை. மேலே இருந்த சர்வே நம்பரை மட்டும் பார்த்தார்.

"தம்பி, இது உட்பிரிவு ஆனப்புறம் வந்த நம்பரு. அதுக்கு முன்னாடி இருந்த பழைய நம்பருக்கு ஈ.சி. போட்டீங்களா?"

போடவில்லை. போட்டோம். வந்தது! ரா.லட்சுமி என்பவர் ஒரு வங்கிக்கு எழுதிக் கொடுத்த அடமானம்.

"அது வேற யாரோ லட்சுமிங்க. எங்க அம்மா மு.லட்சுமி" என்றார் விற்பவர்.

பெரியவர் அசரவில்லை. "நகல் எடுத்துப் பாத்துடுவோமே!"

அந்த ஆவணத்தின் நகலில் அதே மனை எண், அதே நான்கு எல்லை, கணவர் பெயராக விற்பவரின் அப்பா பெயர்! "கடனை அம்மா அப்பவே அடைச்சிட்டாங்க சார்... ரசீதுதான் பதியலை" என்று பிறகு மெதுவாக ஒப்புக்கொண்டார். கடன் நிஜமாகவே அடைபட்டிருந்தது. ஆனால், அந்த ரசீதை வாங்கிப் பதிய நாலு மாசம் ஆயிற்று. அதுவரை செக் நண்பரின் பீரோவிலேயே இருந்தது.

பெரியவர் அன்று சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரை: "ஈ.சி. பொய் சொல்லாது தம்பி. ஆனா கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும்!"

எந்த ஊர், எந்த சர்வே நம்பர், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்று நாம் கேட்கிறோமோ, அதற்குள் பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். 'நில்' என்றால் 'கடன் இல்லை' என்று அர்த்தமில்லை. 'நீ கேட்ட இடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை' என்று அர்த்தம்!

அதிலும் நம்ம தாம்பரம் ஏரியா தனி ரகம். பழைய பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்... 'செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா' என்று இருக்கும். 1997-ல் காஞ்சிபுரம் மாவட்டம் ஆயிற்று. 2019-ல் மறுபடி செங்கல்பட்டு. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி. மண் ஓர் அங்குலம் நகரவில்லை. விலாசம் மட்டும் ஊர்வலம் போயிருக்கிறது! நடுவில் சில கிராமங்கள் ஒரு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கும். பழைய பதிவைப் பழைய ஆபீஸ் பெயரிலும் தேடியாக வேண்டும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கும் கடனை, ஒரு காலத்தில் பதிவு செய்யாமலே வைத்துக்கொள்ள முடிந்தது. ஒப்படைப்பு பற்றிய ஒப்பந்த ஆவணத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2012-ல்தான். அதற்கு முந்தைய கடன் ஈ.சி.யில் தலையே காட்டாமல் இருக்கலாம். அதனால்தான் ஒரிஜினல் தாய்ப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறார்கள் பெரியவர்கள். ஜெராக்ஸ் காட்டினால், 'ஒரிஜினல் எந்த லாக்கர்ல தூங்குது?' என்று கேளுங்கள்.

ஒரே வீட்டை மூன்று வங்கியில் வைத்துக் கடன் வாங்கிய புண்ணியவான்களுக்காகவே மத்திய அரசு 2011 மார்ச் 31-ல் 'செர்சாய்' என்ற பதிவகத்தைத் தொடங்கியது. வங்கிகள் தங்கள் அடமானங்களை அதில் பதிய வேண்டும். 2020 ஜனவரி 24-லிருந்து விதி இன்னும் இறுக்கம். அங்கே பதியாத வங்கி, சர்ஃபாசி சட்டத்தின் கீழ் சொத்தில் கை வைக்க முடியாது. சிறு கட்டணம் கட்டி நீங்களும் நானும்கூட அங்கே தேடிப் பார்க்கலாம். ஆனால், அங்கேயும் டைப் அடிப்பது மனிதர்தானே! பெயரை எப்படி அடித்திருப்பார்களோ, அப்படித் தேடினால்தானே கிடைக்கும்?

இது நம்ம ஊர் இனிஷியல் தலைவலி மட்டும் இல்லை. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து விவசாயி ஒருவர், டிராக்டர் புகழ் ஜான் டீர் கம்பெனியிடம் கடனில் இயந்திரம் வாங்கினார். அடமானப் பதிவில் கம்பெனி அவரை 'டெர்ரி' என்று செல்லப் பெயரால் குறித்தது. முழுப் பெயர் 'டெரன்ஸ்'. அவர் திவாலானபோது, 'முழுப் பெயரில் தேடினால் இந்தப் பதிவு கிடைக்கவில்லையே, இது செல்லாது' என்று 2004-ல் தீர்ப்பாகிவிட்டது! செல்லமாகக் கூப்பிட்டதற்குக் கொடுத்த விலை. பிறகு அங்கே, தனிநபர் பெயர் டிரைவிங் லைசென்ஸில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று பெரும்பாலான மாநிலங்களில் விதி செய்துவிட்டார்கள்.

நமக்கு அப்படி ஒரே ஒரு அட்டை விதி இல்லை. அதனால் நாமே செய்துகொள்ள வேண்டியவை:

வாங்குகிறவரா? புது சர்வே நம்பர், பழைய நம்பர், இரண்டுக்கும் ஈ.சி. போடுங்கள். விற்பவர் பெயரோடு, அவருக்கு முந்தைய உரிமையாளர்களின் பெயர்களையும் எல்லா இனிஷியலோடும் எழுதி வைத்துக்கொண்டு சரிபாருங்கள். சந்தேகப் பெயர் வந்தால் 'வேற ஆளா இருக்கும்' என்று விடாமல் நகல் எடுங்கள்.

எழுதிக் கொடுப்பவரா? இரண்டு பெயர் இருந்தால், வெட்கப்படாமல் 'முருகன் என்கிற முருகேசன்' என்று பத்திரத்திலேயே போட்டுவிடுங்கள். பதிவுக்கு முன் ஆதார், பான், பட்டா மூன்றையும் மேஜையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து பாருங்கள். பதிந்த பிறகு தெரிந்தால் பிழைதிருத்தல் பத்திரம்தான் வழி. அதற்கு இரண்டு தரப்பும் மறுபடி வர வேண்டும். சண்டை போட்டுப் பிரிந்த பங்காளியை நினைத்துப் பாருங்கள்!

கடனை அடைத்தவரா? ஒரிஜினல் பத்திரம் கைக்கு வந்ததும் கோயிலுக்குக் கிளம்பிவிடாதீர்கள். வங்கியிடம் ரசீது எழுதி வாங்கி, சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் பதிந்தால்தான் ஈ.சி.யில் அந்தக் கடன் தீரும். முழுக் கடனும் அடைபட்ட 30 நாளுக்குள் ஒரிஜினல் பத்திரங்களைத் திருப்பித் தந்து, பதிவான பாத்தியதையையும் நீக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவு போட்டிருக்கிறது. தாமதம் வங்கியால் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு!

இருபது வருஷம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி இ.எம்.ஐ. கட்டியவர்களுக்கு, அந்த ஒரு ரசீதைப் பதிய அரை நாள் லீவு கிடைக்காமலா போகும்?