மூன்று நொடி வேலையில் முதலிடம் யாருக்கு?

நடுவில் குனிந்து நிற்பவர் கால்களுக்கிடையே பந்தைப் பின்னுக்குத் தள்ளியதும் அமெரிக்கக் கால்பந்து உயிர்பெறுகிறது. பந்தை வாங்குபவர் குவார்ட்டர்பேக். எதிரணியின் மலைபோன்ற ஆட்கள் அவரைத் தரையில் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். சொந்த அணியில் ஐந்து பேர் அரணாக நின்று ஏறக்குறைய மூன்று நொடி அவகாசம் வாங்கித் தருவார்கள். அதற்குள் எந்தச் சகா தடுப்பாளரிடமிருந்து விலகி ஓடுகிறார் என்று கண்டுபிடித்து, அவர் போய்ச் சேரப்போகும் இடத்துக்குப் பந்தை எறிந்தாக வேண்டும். கணிப்பு ஒரு முழம் பிசகினால் பந்து எதிராளி கைக்குப் போய்விடும். நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேறாவிட்டாலும் பந்து பறிபோகும்.

இந்த வேலையில் வரலாற்றிலேயே சிறந்தவர் யார் என்ற வழக்கு அமெரிக்காவில் தீர்ந்தபாடில்லை.

எண்களை வைத்துத் தீர்க்கப் பார்த்தால் 1978ஆம் ஆண்டு குறுக்கே நிற்கிறது. அதுவரை, பந்து எறியப்படும் முன் அதைப் பிடிக்க ஓடுபவரைத் தடுப்பாளர் மைதானத்தில் எந்த இடத்திலும் இடித்துத் தள்ளலாம். அந்த ஆண்டிலிருந்து ஐந்து யார்டுக்கு அப்பால் அப்படிச் செய்யக் கூடாது என்றாயிற்று. அரண் நிற்பவர்கள் கைகளை நீட்டித் தடுக்கவும் அனுமதி கிடைத்தது. குவார்ட்டர்பேக் ஜோ நேமத் 1967இல் ஒரே பருவத்தில் 4,007 யார்டு எறிந்திருந்தார். அதன்பின் பதினொரு பருவங்கள் நான்காயிரத்தை யாரும் எட்டவில்லை. விதி மாறிய மறு ஆண்டே டான் ஃபவுட்ஸ் எட்டினார்; 1984இல் டான் மரீனோ 5,084 வரை போனார். மொத்த யார்டு பட்டியலில் பழைய ஆட்டக்காரர்கள் கீழே கிடப்பதற்கு அவர்களுடைய தோள் காரணமல்ல.

அப்படிக் கீழே தள்ளப்பட்டவர்களில் தலையாயவர் ஜானி யுனைட்டஸ். 1955இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்து, பருவம் தொடங்கும் முன்பே கழற்றிவிட்டது. கட்டுமான வேலை பார்த்துக்கொண்டே, ஆட்டத்துக்கு ஆறு டாலர் கூலிக்கு உள்ளூர் அணியொன்றில் ஆடினார். மறு ஆண்டு பால்டிமோர் கோல்ட்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1958 டிசம்பர் 28, நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் சாம்பியன்ஷிப் ஆட்டம். ஜயன்ட்ஸ் அணியிடம் 17-14 எனப் பின்தங்கியிருந்த கோல்ட்ஸுக்கு இரண்டு நிமிடம்கூட முழுதாக மிச்சமில்லை. யுனைட்டஸ் தன் சகா ரேமண்ட் பெர்ரிக்கு அடுத்தடுத்து மூன்று முறை எறிந்தார். ஏழு நொடி இருக்கும்போது ஆட்டம் சமனானது. கூடுதல் நேரத்தில் பந்தை 80 யார்டு நகர்த்தி 23-17 என்று வென்றார்கள்.

தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்கும் வசதி 1994இல்தான் வந்தது. யுனைட்டஸ் பெரும்பாலும் தன் வியூகத்தைக் களத்தில் தானே வகுத்தவர். தொடர்ந்து 47 ஆட்டங்களில், எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்க்கும் டச்டவுன் ஒன்றாவது எறிந்த அவருடைய சாதனை 2012 வரை நிலைத்தது.

கோப்பைகளை எண்ணலாமே என்று கேட்கலாம். மரீனோவிடம் ஒன்றுகூட இல்லை. 2001 ஜனவரியில், சாம்பியனைத் தீர்மானிக்கும் சூப்பர் பௌல் ஆட்டத்தை வென்ற ரேவன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் ட்ரென்ட் டில்ஃபர். ஆனால் அந்தக் கோப்பையை வென்று தந்தது அணியின் தடுப்பாட்டம். டில்ஃபரை மரீனோவுக்கு மேலே வைப்பார் யாருமில்லை.

ஆள் இடம் மாறும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பதே இவற்றைவிட நம்பகமான உரைகல். 2010இல் பேட்டன் மானிங்குடன் கோல்ட்ஸ் 10 ஆட்டங்கள் வென்றது. கழுத்து அறுவைச் சிகிச்சையால் அவர் ஆடாத 2011இல் வென்றவை இரண்டே. அவர் டென்வருக்குப் போனதும், முந்தைய பருவத்தில் 8 வென்றிருந்த அந்த அணி 13 வென்றது. டாம் பிரேடி 2008இல் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறியபோதோ, அவரில்லாத பேட்ரியட்ஸ் 11 ஆட்டங்களை வென்றது. பிரேடியின் புகழில் பயிற்சியாளர் பெலிச்சிக்கின் பங்கு பெரிது என்ற வாதத்துக்கு இது வலுவான சான்றாக இருந்தது.

2020இல் பிரேடி டாம்பா பே அணிக்கு மாறினார். 2007க்குப் பின் பிளேஆஃப் எனும் இறுதிச் சுற்றுகளின் பக்கமே போகாத அணி அது. முதல் பருவத்திலேயே, 43 வயதில், கான்சாஸ் சிட்டியை 31-9 என வீழ்த்தி ஏழாவது சூப்பர் பௌலை வென்றார். 2000இல் புதிய ஆட்டக்காரர்களுக்கான தேர்வில் 199ஆவது ஆளாகத் தேர்வு பெற்றவருக்கு முதலிடத்தைத் தருவது அந்த ஒரு பருவம்தான். இரண்டாமிடம் யுனைட்டஸுக்கு. அடுத்து மானிங், அவரை ஒட்டியே ஜோ மான்டானா, ஆடிய நான்கு சூப்பர் பௌலையும் வென்று, அவற்றில் எறிந்த ஒரு பந்தைக்கூட எதிராளி பிடிக்க விடாதவர்.

அன்று டாம்பா பேயிடம் தோற்ற பேட்ரிக் மஹோம்ஸ் 28 வயதிலேயே மூன்று கோப்பைகளைச் சேர்த்துவிட்டார். அந்த வயதில் பிரேடியிடமும் மூன்றுதான் இருந்தன. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே பிரேடிக்குப் பத்து ஆண்டுகள் கழிந்தன.