புது பிக்கப்பில் எதை மாட்டலாம், எதை மாட்டக் கூடாது?

புது பிக்கப் வண்டிக்கு நம்பர் பிளேட் வந்ததும் அடுத்து நிற்கும் இடம் ஆக்சஸரீஸ் கடை. சென்னை என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை. வெளியூர் என்றால் பைபாஸ் ஓரத்து வெல்டிங் பட்டறை. தவணை போட்டு வண்டி எடுத்தவர், அதைத் தொழிலுக்கு ஏற்றபடி ஆக்கிக்கொள்ள ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் அங்கே செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதி பின்னாளில் அபராதமாகவும், மறுக்கப்பட்ட வாரண்டியாகவும், கிடைக்காத இன்சூரன்ஸ் தொகையாகவும் திரும்பி வருகிறது. ஆர்.சி. புக்கைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தால் இதில் பெரும்பாலானதைத் தவிர்க்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு சொல்வது இதுதான்: தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. வண்டியின் கட்டமைப்பில் கைவைத்து அதன் அடிப்படைத் தன்மையே மாறினால் அது ‘மாற்றம்’. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, விதிமீறி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இதைப் படித்துவிட்டு எதையுமே மாட்டக் கூடாதோ என்று பயப்பட வேண்டாம். லோடு பாடிக்குள் விரிக்கும் லைனர், தார்ப்பாய், கயிறு கட்டும் கொக்கி, சீட் கவர், ரிவர்ஸ் கேமரா, மட் ஃபிளாப், ஸ்டெப்னிப் பூட்டு, ஜி.பி.எஸ். இவையெல்லாம் வண்டியின் கட்டமைப்பைத் தொடுவதில்லை. சிமென்ட்டும் உரமும் ஏற்றுபவருக்கு நான் முதலில் சொல்வது லைனர்தான். பெயின்ட் உரிந்து தகடு துருப்பிடித்த பிறகு பட்டறையில் அழுவதைவிட அது மலிவு.

சிக்கல் முன்பக்கத்தில் தொடங்குகிறது. தடித்த இரும்புக் குழாயில் செய்த ‘புல் பார்’ மாட்டினால் வண்டிக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. மோதும்போது முன்பகுதி நசுங்கித்தான் வேகத்தின் சக்தியை உள்வாங்க வேண்டும். புல் பாரை நேரடியாகச் சேசிஸில் போல்ட் போட்டுவிட்டால் அந்த அதிர்ச்சி முழுதும் சேசிஸுக்கும், கேபினில் இருப்பவருக்கும் போகிறது. ஏர்பேக் உள்ள வண்டியில் அது விரியும் நேரமும் தப்பிப்போகலாம். எதிரே நடந்து வருபவருக்கோ, சைக்கிளில் வரும் பிள்ளைக்கோ, வளையாத அந்த இரும்பு எமன். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இவற்றின் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கடைகளில் விற்பதால் அது சட்டப்படி சரி என்று ஆகிவிடாது.

அடுத்தது விளக்கு. கம்பெனி பல்ப் 55 அல்லது 60 வாட். கடையில் 100 வாட் பல்ப் கிடைக்கும். 12 வோல்ட் பேட்டரியில் இரண்டு 100 வாட் பல்ப் எரிந்தால் ஏறத்தாழ 17 ஆம்பியர் இழுக்கும். பழையவை இழுப்பது 10 ஆம்பியருக்கு மேல் போகாது. அந்த ஒயரும் சுவிட்சும் பழைய அளவுக்குச் செய்தவை. கூடுதல் விளக்கு மாட்டும் பையன் பார்க்கிங் லைட் ஒயரை பிளேடால் சீவி, புது ஒயரை முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றிவிடுகிறான். இன்ஜின் சூட்டில் பசை இளகி டேப் நழுவும், செம்பு வெளியே தெரியும், சேசிஸில் உரசும். அதற்குப் பிறகு புகை. தனி ரிலே, தனி ஃபியூஸ், ஒயரை வெட்டாமல் செருகும் கப்ளர் இந்த மூன்றும் இல்லாமல் மின் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். ஒயர் வெட்டியதைக் கண்டால் வாரண்டி மறுக்க சர்வீஸ் சென்டருக்கு அது ஒன்றே காரணமாகிவிடும். பல குரலில் அலறும் ஹார்னும் விதிப்படி தடை.

பின்சக்கரத்தில் எக்ஸ்ட்ரா பிளேட் போட்டு, உயரமாகக் கூண்டு கட்டினால் அதிக லோடு ஏற்றலாம் என்பது பரவலான நம்பிக்கை. பிளேட்டைச் சேர்த்தால் பிரேக்கும் ஆக்ஸிலும் டயரும் வலுவாகிவிடுமா? ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலும் ஒரு கிலோகூடக் கூடாது. கூண்டு 150 கிலோ என்றால் நீங்கள் ஏற்றக்கூடிய சரக்கில் 150 கிலோ குறைந்துவிட்டது, அவ்வளவுதான். அதிக பாரத்துக்குச் சட்டம் விதிக்கும் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பாடிக்கு வெளியே பக்கவாட்டில் சரக்கு நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000. குளிர்பதனப் பெட்டியோ, மூடிய பாடியோ உண்மையிலேயே தேவை என்றால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி, நாமக்கல் போன்ற ஊர்களில் முறையாகப் பாடி கட்டுபவரிடம் செய்து, 14 நாளுக்குள் ஆர்.சி.யில் பதிந்துகொள்ளுங்கள். கடன் பாக்கி இருந்தால் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதமும் தேவை. எஃப்.சி.க்குப் போகும் அன்று கூண்டைக் கழற்றி மறுநாள் மாட்டுவது தீர்வல்ல.

என்னை மிகவும் வருத்துவது, லோடு பாடியில் பெஞ்சும் கைப்பிடிக் கம்பியும் வெல்டிங் வைத்து ஆள் ஏற்றுவது. நடவுக்குப் போகும் பெண்கள், காதுகுத்துக்குப் போகும் குடும்பங்கள் இப்படித்தான் பயணம் செய்கிறார்கள். சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவருக்கு இழப்பீடு தர இன்சூரன்ஸ் நிறுவனம் கடமைப்பட்டதல்ல என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. சரக்கோடு வரும் அதன் உரிமையாளருக்கோ, அவருடைய ஆளுக்கோதான் சட்டம் இடம் தருகிறது. மற்றவர்கள் விழுந்து இறந்தால் அந்தத் தொகை வண்டிக்காரரின் தலையில், அவருடைய வீட்டின் மேல் விழும். இறந்தவர் குடும்பத்துக்கோ அதுகூட முழுதாகக் கிடைக்காது.

இனி உங்கள் உரிமைகள். “இந்த ஆக்சஸரீஸ் பேக் எடுத்தால்தான் டெலிவரி” என்று டீலர் சொன்னால், அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை. எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் அங்கேயே பின்வாங்குவார்கள். “தொழில் வண்டி, நீங்கள் நுகர்வோர் ஆக மாட்டீர்கள்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியவர் அந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

பாலிசியையும் மறக்க வேண்டாம். தனியாக மாட்டிய மியூசிக் சிஸ்டமும் கேமராவும் தானாகப் பாலிசிக்குள் வராது. அவற்றின் மதிப்பைச் சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்திடம் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி தரவில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது பில். “ஜி.எஸ்.டி. இல்லாமல் குறைத்துத் தருகிறேன்” என்ற பேச்சுக்கு மயங்கினால், மாட்டிய பொருள் பழுதாகி வண்டி எரிந்தாலும் கடைக்காரர் “நான் மாட்டவே இல்லை” என்று சொல்லிவிடுவார். பொருளின் பெயர், மாட்டிய தேதி, வண்டி எண் மூன்றும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் கடையில் ஒரு போல்ட்கூட மாட்டாதீர்கள்.