ஃபார்மட் அடிப்பதற்கு முன்

வெள்ளகோவிலில் ஒரு நூல் கடை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20-ஆம் தேதி. ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். காலையில் கணக்குப்பிள்ளை கம்ப்யூட்டரைப் போடுகிறார். ஜிஎஸ்டி தளம் திறக்கவில்லை. 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று ஒரு பக்கம் வந்து நிற்கிறது. ஜிமெயிலைத் திறந்தாலும் அதே கதை. போன் போட்டதும் பையோடு வந்த சர்வீஸ் தம்பி இரண்டு நிமிடம் தட்டிப் பார்க்கிறார். "ஓஎஸ் கரப்ட் ஆயிருச்சுங்ணா. ஃபார்மட் அடிச்சுப் புதுசாப் போட்டுட்டாச் சரியாப் போயிருமுங்க" என்கிறார். "சரி தம்பி, சாயங்காலத்துக்குள்ள குடுத்துரோணும்" என்கிறார் முதலாளி.

திரையின் கீழே வலது ஓரத்தை யாரும் பார்க்கவில்லை. அங்கே தேதி 01-01-2015 என்று இருக்கிறது.

மதர்போர்டில் சிஆர் 2032 என்ற பட்டன் பேட்டரி ஒன்று உண்டு. ராத்திரி கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போனாலும் கம்ப்யூட்டரின் கடிகாரம் ஓடுவது அதன் தயவில்தான். சில வருடங்களில் அது தீர்ந்துவிடும். தீர்ந்ததும் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும். இணையதளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்கு 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று ஆயுள் உண்டு. 2015-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காத குழந்தை. அதனால்தான் எச்சரிக்கிறது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்ய டீ, வடைச் செலவுதான் ஆகும். ஃபார்மட் அடித்தாலோ கணக்கு அழியும், காசு போகும், பேட்டரி மட்டும் தீர்ந்தபடியே இருக்கும்.

எல்லா சர்வீஸ் ஆட்களும் இப்படி என்று சொல்வது அநியாயம். ஆனால் காரணம் தேட ஒரு மணி நேரம் செலவழித்தால் வாடிக்கையாளர் கூலி தருவதில்லை; 'ஓஎஸ் போட்டேன்' என்றால் தருகிறார். ஃபார்மட் முதல் மருந்தாகிப்போனதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

உலகத்தையே உலுக்கிய ஒரு கோளாறு ஃபார்மட் இல்லாமல் சரியான கதையும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு கோப்பில் பிழை. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வைத்தியம் என்னவென்றால், சேஃப் மோடில் திறந்து அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி போடுவது. அவ்வளவுதான்.

வெள்ளகோவில், முத்தூர், காங்கேயம் வட்டாரத்தில் கம்ப்யூட்டருக்கு வேறொரு எதிரி இருக்கிறது: பஞ்சு. தறிக்கூடத்தை ஒட்டிய ஆபீஸ் அறையில் சிபியு பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்க்கலாம். ஃபேனுக்கும் அதன் கீழிருக்கும் அலுமினிய ஹீட் சிங்குக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் மெத்தைபோல் ஒரு படலம் உட்கார்ந்திருக்கும். நகத்தால் கிள்ளி இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். காற்றுப் போக வழியில்லாமல் பிராசஸர் கொதிக்கும். கொதித்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மிஞ்சினால் அணைந்துவிடும். 'போட்டவுடனே நல்லா ஓடுது, அரை மணி நேரத்துல ஸ்லோ ஆகுது, மத்தியானம் ஆஃப் ஆயிருது' என்றால் சந்தேகப்பட வேண்டியது சூட்டை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, பிளோயரால் ஊத வேண்டும். கூடத்தில் இருக்கும் கம்ப்ரசர் காற்று வேண்டாம், அதில் ஈரம் வரும். எண்ணெய் மில், அரிசி மில் ஆபீஸ்களிலும் தூசி இதே வேலையைத்தான் செய்கிறது.

விண்டோஸுக்குள்ளேயே கைவைத்தியம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கெட்டுப்போன சிஸ்டம் கோப்புகளைச் சரிசெய்ய 'எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்' என்ற கட்டளை. நேற்றிருந்த நிலைக்குத் திரும்ப சிஸ்டம் ரீஸ்டோர். எதுவும் உதவாவிட்டால் 'ரீசெட் திஸ் பிசி'யில் 'கீப் மை ஃபைல்ஸ்'. இந்தக் கடைசி வழியில் சொந்தக் கோப்புகள் தங்கும், தனியாகப் போட்ட மென்பொருள்கள் போய்விடும். ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட்டால் மட்டும் எந்த வைத்தியமும் பார்க்காமல் உடனே அணைத்துவிட வேண்டும். சாகும் டிஸ்கை ஓட ஓட விரட்டினால் மீட்கக்கூடிய டேட்டாவும் போய்விடும்.

'சி டிரைவை மட்டும்தான் ஃபார்மட் பண்றேன், டேட்டா ஒண்ணும் போகாது' என்ற வாக்குறுதியை அப்படியே நம்பக் கூடாது. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் வழக்கமாக இருப்பதே சி டிரைவில்தான். டேலி மென்பொருளில் எழுதிய கணக்கும் தனியாக இடம் மாற்றி வைக்காவிட்டால் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். பழைய ஹார்ட் டிஸ்கில் அவசர ஃபார்மட் அடித்தால் அழிவது அட்டவணை மட்டும். அதன்மேல் எதையும் எழுதாமல் நிறுத்தினால் மீட்க வழியுண்டு. இப்போது எல்லோரும் மாற்றிக்கொள்ளும் எஸ்எஸ்டியில் அந்த அவகாசம் கிடைக்காது. ட்ரிம் என்ற வேலை பின்னணியில் ஓடி, அழித்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும்.

போனால் போகிறது என்று வணிகர் சொல்லவும் முடியாது. கணக்குகளை ஆண்டறிக்கைக்கான கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்கச் சொல்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவு. கணினியில் கணக்கு வைத்திருப்பவர், விபத்திலோ இயற்கைச் சேதத்திலோ அது அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்கிறது 57-வது விதி. 'சிஸ்டம் கிராஷ் ஆயிருச்சுங்க சார்' என்று அதிகாரியிடம் சொன்னால், 'பேக்கப் எங்கே?' என்று கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. வாரம் ஒருமுறை வெளி டிஸ்கில் பிரதி எடுத்து, எடுத்த கையோடு கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது நல்லது. கழற்றாமல் செருகியே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகும் அன்று அந்த டிஸ்கும் சேர்ந்தே பூட்டப்படும்.

சரி, கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று வந்துவிட்டது. கேட்டு வாங்க வேண்டிய முதல் பொருள் சீட்டு. பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க், ரேம் இவற்றின் அளவும் சீரியல் எண்ணும், செய்யப்போகும் வேலையும், 'கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது' என்ற ஒரு வரியும் அதில் இருந்தால் போதும். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக முறை என்றே பெயர் பெற்றிருக்கிறது. பழுது பார்க்கக் கொடுத்த கம்ப்யூட்டரிலிருந்து அனுமதியில்லாமல் படங்களையோ கோப்புகளையோ எடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவில் நஷ்டஈடு கேட்கலாம். மோசடி எண்ணத்தோடு செய்திருந்தால் 66-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

புதிதாக முளைத்திருக்கும் ஒரு சிக்கலைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11 போடும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். வாடிக்கையாளரின் பாஸ்வேர்டு தெரியாததால் சில கடைகளில் தங்கள் மின்னஞ்சலையே போட்டு முடித்துவிடுகிறார்கள். பல புதிய கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவி, முதலில் உள்ளே நுழைந்த கணக்கில்தான் போய்ச் சேரும். ஆறு மாதம் கழித்து பயாஸ் அமைப்பு மாறி, நீலத் திரையில் 'பிட்லாக்கர் ரிகவரி கீ' கேட்கும்போது சாவி கடைக்காரரின் கணக்கில் இருக்கும். கடையே காலியாகியிருந்தால் கதை முடிந்தது. கம்ப்யூட்டரைத் திரும்ப வாங்கும் அன்றே கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, சாவியைத் தாளில் எழுதி நோட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

'ஒரிஜினல் எதுக்குங்க, கிராக் போட்டுத் தர்றேன்' என்பது அடுத்த பொறி. ஆன்டிவைரஸை அணைத்தால்தான் ஓடுவேன் என்னும் எந்த ஆக்டிவேட்டரும் வீட்டுக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லும் விருந்தாளிதான். திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குற்றம்: 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். போட்டுக் கொடுத்தவர் மட்டுமல்ல, தெரிந்து ஓட்டும் கடைக்காரரும் அதில் வருவார்.

அப்டேட்டை நிறுத்தி வைப்பது பலருக்கும் பெருமையாக இருக்கிறது. 2017 மே 12-இல் பரவிய வானாகிரை என்ற ரான்சம்வேர் அதன் விலையைக் காட்டியது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. இரண்டு மாதம் போடாமல் இருந்தவர்கள் சுமார் 150 நாடுகளில் மாட்டினார்கள். பக்கத்து ஆந்திரக் காவல்துறையின் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை. 2021 செப்டம்பரில் தமிழக அரசின் தலைமைச் செயலகத்தில் 'பொதுத் துறை' என்ற துறையின் கம்ப்யூட்டர்கள் பூட்டப்பட்டு, 1,950 டாலர் கிரிப்டோ பணம் கேட்கப்பட்டது. தலைமைச் செயலகத்துக்கே நடந்தது, நூல் கடைக்கு நடக்காதா?

ஓஎஸ்ஸுக்கும் ஆயுள் உண்டு. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-இல் ஆதரவு முடிந்தபோது, தமிழக அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. அது சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய, தமிழ் தெரிந்த, இலவச ஓஎஸ். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-இன் முறை வந்தது. பொதுவாக இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. 'புதுசு வாங்குங்க' என்று கடைக்காரர் சொல்லும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது: வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் அறிவிக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமித்தால் அதற்குக் காசு கிடையாது. கடிதம் அடிக்க, இணையம் பார்க்க மட்டும் என்றால் லினக்ஸே போதும். டேலி ஓட்டுபவருக்கு அந்த வழி நேராகப் பொருந்தாது.

திரை முழுக்கச் சிவப்பாகி, 'வைரஸ் தாக்கியிருக்கிறது, உடனே இந்த எண்ணுக்குப் பேசவும்' என்று அலறினால் அது மோசடி. மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் போன் நம்பர் வராது. எதிர்முனை ஆள், தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க்கைப் போடச் சொல்லிப் பணம் கறந்துவிட்டால், இணைய வயரைப் பிடுங்கிவிட்டு இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை வழியில் மடக்க முடியும். வங்கிக்கும் அன்றே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மூன்றாம் நபரால் நடந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை என்றது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை. ஓடிபியைத் தானே கொடுத்திருந்தால் மட்டும், தெரிவிக்கும் வரை போனது அவர் தலையில்.

கடையோடு தகராறு என்றால் முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வணிக நோக்கத்துக்காகப் பெற்றதற்கு அந்தக் கதவு திறக்காது என்பது பொது விதி. சொந்தப் பிழைப்புக்காகப் பொருள் வாங்கிப் பயன்படுத்தும் சுயதொழில்காரருக்குச் சட்டமே விலக்கு தருகிறது. டேட்டா திருட்டுக்கு இன்னொரு வாசல் மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலர். 5 கோடி ரூபாய் வரையான கோரிக்கையை அவர் விசாரிக்கலாம். ஏமாற்று மின்னஞ்சலால் பணம் இழந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு, ஒரு தனியார் வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2010 ஏப்ரலில் தீர்ப்பானது இந்த வாசலில்தான்.

எங்கே போனாலும் கேட்கப்போவது சீட்டு, பில், வாட்ஸ்அப் பேச்சு, பிறகு அந்தப் பழைய டிஸ்க். புதிய எஸ்எஸ்டி போட்டுவிட்டு 'பழசு வேலைக்காகாதுங்க, நாங்களே தூக்கிப் போட்டர்றோம்' என்று கடையில் சொன்னால், சீரியல் எண்ணைச் சீட்டோடு ஒத்துப் பார்த்துக் கையோடு வாங்கி வந்துவிட வேண்டும். உள்ளே இருப்பது ஆறு வருடக் கணக்கு.