கும்பிடு பூச்சியை வீட்டில் வளர்க்கலாமா?
(வானொலி உரை)



வேலி ஓரத்திலும், கொய்யா, எலுமிச்சைக் கிளைகளிலும் முன்னங்கால் இரண்டையும் மடக்கிக்கொண்டு சாமி கும்பிடுகிற மாதிரி நிற்குமே, அந்தக் கும்பிடு பூச்சியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். சில ஊர்களில் இதை இடையன் பூச்சி என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதைப் பாட்டிலில் போட்டு வளர்க்க ஆசைப்படுகிறார்கள். பெரியவர்களின் கேள்வி வேறு. "சார், இது பூச்சியைத் தின்கிறதாமே, நிறைய வளர்த்து வயலில் விட்டால் மருந்துச் செலவு மிச்சமாகுமா?" என்கிறார்கள்.

முதலில் பெரியவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மிச்சமாகாது. இந்தப் பூச்சிக்கு நமக்கு வேண்டியது, வேண்டாதது என்கிற கணக்கெல்லாம் தெரியாது. கையில் சிக்குவது வெட்டுக்கிளியானாலும் சரி, தேனீயானாலும் சரி, பிடித்துத் தின்றுவிடும். சிலந்தியைத் தின்னும், கூடப் பிறந்ததையும் தின்னும். கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா அட்டை கட்டுகிறோமே, அந்த ஒட்டுண்ணி அந்துப்பூச்சியின் முட்டையைத் தேடிப் போய் அதற்குள்ளேயே தன் முட்டையை வைக்கும். அப்படிக் குறி பார்த்து வேலை செய்கிற குணம் கும்பிடு பூச்சிக்குக் கிடையாது. அமெரிக்காவில் இதன் முட்டைக் கூட்டைத் தோட்டக்காரர்களுக்கு விலைக்கு விற்கிறார்கள். அந்த மாதிரி யாராவது நம்மிடம் வந்தால் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதற்காக வயலில் இருப்பதை அடித்துக் கொல்லவும் வேண்டாம். இது கொட்டாது, விஷமும் இல்லை. பெரிய பூச்சியைப் பிடித்தால் முன்னங்கால் முள் சுருக்கென்று குத்தும், அவ்வளவுதான்.

பிள்ளைகள் வளர்த்துப் பார்க்கட்டும் என்றுதான் நான் சொல்லுவேன். செலவு ஒன்றும் இல்லை. முட்டைக் கூடு கிடைத்தால் போதும். காய்ந்த நுரையை உருட்டி ஒட்டிவைத்த மாதிரி, பழுப்பு நிறத்தில், குச்சியிலோ சுவரிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். கவாத்து செய்து கிளைகளைக் கொளுத்துவதற்கு முன் ஒரு தடவை பாருங்கள், பல கூடுகள் அப்படித்தான் நெருப்பில் போகின்றன. கூட்டைப் பிய்க்காமல் குச்சியோடு நறுக்கி எடுக்க வேண்டும். பக்கவாட்டில் குண்டூசி குத்தின மாதிரி வட்ட ஓட்டைகள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சிறு குளவி ஒன்று உள்ளே முட்டை வைத்து, அதன் குஞ்சுகள் தின்று முடித்து வெளியேறிவிட்டன என்று அர்த்தம். அதை விட்டுவிட்டு வேறு தேடலாம்.

அகல வாய் பாட்டில் ஒன்றில் குச்சியை மரத்தில் இருந்த வாக்கிலேயே தொங்கவிட்டு, வாயைக் கொசுவலைத் துணியால் கட்டுங்கள். நேர் வெயில் ஆகாது. இரண்டு நாளைக்கு ஒரு தரம் லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம். எறும்பு வந்தால் ஒரு குஞ்சு மிஞ்சாது. பாட்டிலைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வையுங்கள். வெப்பமான நாட்களில் மூன்று முதல் ஆறு வாரத்தில், பெரும்பாலும் ஒரே காலையில், நூறு இருநூறு குஞ்சுகள் கூட்டின் நடுக்கோட்டிலிருந்து நூலில் தொங்கிக்கொண்டு வெளியே வரும். பார்க்க வேண்டிய காட்சி அது! நாலைந்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை அன்றே செடிகளில் விட்டுவிடுங்கள். ஒன்றாக வைத்தால் ஒன்றை ஒன்று தின்னும். ஒரு பாட்டிலுக்கு ஒன்றுதான்.

சாப்பாடு உயிரோடு அசைய வேண்டும். குஞ்சுக்கு, அழுகின வாழைப்பழத் தோலை வைத்தால் வருமே, அந்தப் பொடி ஈ. வளர வளர வீட்டு ஈ, வெட்டுக்கிளி, கரப்பான் குஞ்சு. மருந்தடித்த வயலில் பிடித்ததைக் கொடுத்தீர்களோ, பூச்சியும் சாகும். கொசுவத்திச் சுருள் கொளுத்துகிற அறையிலும் வைக்காதீர்கள். கொசுவைக் கொல்கிற மருந்து இதையும் கொல்லும். தண்ணீரைப் பாட்டில் சுவரில் துளித் துளியாகத் தெளித்தால் நக்கிக் குடித்துக்கொள்ளும்.

பெரிய கண்டம் சட்டை உரிக்கிற நேரம்தான். முழுப் பூச்சியாவதற்குள் ஆறேழு தடவை, சிலது அதற்கு மேலும் உரிக்கும். ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே தீனி எடுக்காது. நோய் என்று பயப்பட வேண்டாம். தின்னாமல் கிடக்கிற இரையை வெளியே எடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். மேலே வலையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கித்தான் உரிக்க வேண்டும். பாட்டில் பூச்சியின் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது உயரம் இருக்கட்டும். அந்த நேரத்தில் பிள்ளைகள் பாட்டிலைக் குலுக்கி அது கீழே விழுந்தால் கால் கோணி ஊனமாகிவிடும்.

கடைசிச் சட்டை உரித்ததும் இறக்கை வந்துவிடும். அடிவயிற்று வளையங்களை எண்ணுங்கள். ஆறு தெரிந்தால் பெண், எட்டு தெரிந்தால் ஆண். ஆண் ஒல்லியாக இருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் ஜோடி சேர்க்க வேண்டும். அதற்கு முன் பெண்ணுக்கு வயிறு நிறையத் தீனி போடுங்கள். பசியோடு இருந்தால் மாப்பிள்ளையையே தின்றுவிடும்! பெண் இரை தின்றுகொண்டிருக்கும்போது, பின்பக்கமாக ஆணை விடுங்கள். பாட்டில் போதாது, வலை கட்டின பெரிய கூடையாக இருக்க வேண்டும். இத்தனை செய்தும் சில ஆண்கள் தப்புவதில்லை. ஆண் சேராமலேயே பெண் கூடு கட்டுவதும் உண்டு. அதிலிருந்து வழக்கமாகக் குஞ்சு வராது.

இன்னொரு அதிசயம் கேளுங்கள். இதற்கு ஒரே ஒரு காதுதான், அதுவும் மார்பின் அடியில் பின்னங்கால்களுக்கு நடுவே! 1986-ல் அமெரிக்காவில் டேவிட் யாகர், ரொனால்டு ஹோய் என்ற விஞ்ஞானிகள் இதை விளக்கினார்கள். நம் காதுக்குக் கேட்காத வௌவால் சத்தம் அதற்குக் கேட்கும். இரவில் பறக்கையில் அந்தச் சத்தம் வந்தால் சட்டென்று திசை மாறிக் கீழே பாய்ந்து தப்பித்துவிடும்.

பிள்ளைகளுக்கு அலுத்துப்போனால் பாட்டிலிலேயே போட்டுவைக்க வேண்டாம். எங்கே பிடித்தீர்களோ அதே வேலியில், மாலை நேரத்தில், தேனீப் பெட்டிக்கும் பூத்து நிற்கிற செடிக்கும் தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.