லோகோஸ் ஹோப்: கப்பலின் மறுபக்கத்தை எட்டிப் பார்ப்போமா?

சொல்ல எவ்வளவு இருக்கிறது தெரியுமா! மிதக்கும் புத்தகக் கடையாக ஊர் ஊராகச் செல்லும் அருட்பணிக் கப்பல் லோகோஸ் ஹோப் ஒரு துறைமுகத்துக்கு வந்துவிட்டால் போதும், ஊரே குடும்பத்தோடு கிளம்பி வந்துவிடும். கப்பலின் நீளம் 132 மீட்டர். உள்ளே சுமார் 5,000 தலைப்புகளில் புத்தகங்கள். புரட்டிப் புரட்டிக் களைத்தால் ஐஸ்கிரீம், பாப்கார்ன். பிள்ளைகளைத் திரும்ப வீட்டுக்கு அழைத்துப் போவதே பெரும்பாடு! ஆனால் வருகிறவர்கள் பார்ப்பது இந்தப் புத்தகத் தளத்தை மட்டும்தான். அதற்கு மேலும் கீழும் ஒரு முழு ஊரே குடியிருக்கிறது. 60-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த ஏறத்தாழ 350 பேர். பெரும்பாலும் இளைஞர்கள். வேதாகமத்தையும் ஒரு பெட்டித் துணியையும் எடுத்துக்கொண்டு, எங்கே அனுப்பினாலும் போகிறேன் என்று ஜெபித்துவிட்டுப் புறப்பட்டவர்கள். அவர்களை இந்தக் கப்பல் என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் இப்போது படியிறங்குகிறோம். வாருங்கள்!

போகும்போதே கொஞ்சம் பழைய கதை. 1957-இல் ஜார்ஜ் வெர்வர் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர், நண்பர்கள் இருவரோடு ஒரு லாரியில் சுவிசேஷப் பிரசுரங்களை ஏற்றிக்கொண்டு கோடை விடுமுறையில் மெக்சிகோவுக்குப் போனார். அந்த ஒரு விடுமுறைப் பயணத்திலிருந்து முளைத்ததுதான் 'ஓ.எம்.' என்று நம் சபைகளில் எல்லோரும் சொல்லும், இந்தக் கப்பலை நடத்தும் ஆபரேஷன் மொபிலைசேஷன்! உலக வரைபடம் அச்சிட்ட ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மேடையேறும் வெர்வரைப் பலர் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 2023-இல் காலமாகும்வரை அவர் மனசு முழுக்க உலகம்தான்.

லாரி கப்பலானது 1970-இல். டென்மார்க்கில் கட்டிய ஒரு பழைய கப்பலை வாங்கி 'லோகோஸ்' என்று பெயரிட்டார்கள். 1971-இல் லண்டனிலிருந்து அது புறப்பட்ட முதல் நெடும்பயணம் எங்கே என்கிறீர்கள்? நம் கொச்சிக்கு! சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்த காலம் அது. ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. அடுத்து வந்த 'டூலோஸ்' 1914-இல் கட்டியது, டைட்டானிக் மூழ்கி இரண்டே வருடம் கழித்து! அது 2009 வரை கடலில் ஓடியது. இப்போதுள்ள லோகோஸ் ஹோப் 1973-இல் ஐரோப்பாவில் கார்களையும் பயணிகளையும் ஏற்றிச் செல்லப் பிறந்தது. 2004-இல் வாங்கி, பல வருடம் உழைத்துப் புதுப்பித்து, 2009-இல் ஊழியத்துக்கு இறக்கினார்கள். ஒருகாலத்தில் கார்கள் வரிசையாக நின்ற தளத்தில்தான் இப்போது புத்தக அலமாரிகள்!

ஏழு குட்டை, ஒரு நீளம்

கப்பலில் ஊழியம் செய்ய வருகிறவர்களுக்கு முதலில் பாதுகாப்புப் பயிற்சி. தீயணைப்பு, முதலுதவி, கடலில் உயிர் பிழைக்கும் வழி எல்லாம் அதில் உண்டு. பள்ளிக்கூட டீச்சரோ, கம்ப்யூட்டர் படித்தவரோ, நேற்றுவரை கடலையே பார்க்காதவரோ, யாராக இருந்தாலும் விலக்கு கிடையாது. குளிர்ந்த நீரில் உயிர் காக்கும் அந்தப் பருத்த உடை இருக்கிறதே, தலை முதல் பாதம் வரை மூடுவது, அதை யார் உதவியும் இல்லாமல் இரண்டு நிமிடத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். இது கடல்வழிப் பாதுகாப்பு விதி. ஏழு முறை குட்டையாக, ஒரு முறை நீளமாக மணி ஒலித்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு அவரவர் கூடுமிடத்துக்கு ஓட வேண்டும்.

எதற்கு இவ்வளவு கண்டிப்பு? 1988 ஜனவரியில் தென் அமெரிக்காவின் முனையில், பீகிள் கால்வாயில், லோகோஸ் நள்ளிரவில் பாறையில் மோதிச் சாய்ந்தது. கப்பல் போய்விட்டது. ஆனால் கைக்குழந்தை உட்பட அத்தனை பேரும் உயிர்காப்புப் படகுகளில் இறங்கிப் பிழைத்தார்கள். தேவனுடைய கிருபை என்று அவர்கள் சாட்சி சொன்னார்கள். அந்தக் கிருபையோடு கைகோத்து நின்றது மாதக்கணக்கில் செய்த பயிற்சி. ஜெபமும் பயிற்சியும் எதிரெதிர் அல்ல என்ற முதல் பாடம் இங்கேதான் மனசில் ஏறுகிறது.

பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு வாங்க!

இதுதான் எனக்குப் பிடித்த இடம்! நீராவி, தட்டுகளின் சத்தம், நாலைந்து நாட்டு உச்சரிப்பில் ஆங்கிலப் பாட்டு. மூன்று வேளையும் 350 பேருக்குச் சோறு போட வேண்டும் என்றால் எத்தனை பாத்திரம் சேரும், யோசித்துப் பாருங்கள்! எந்தப் பிரிவில் வேலை என்பதைக் கப்பலின் தேவைதான் தீர்மானிக்கும். பிரசங்கம் பண்ணலாம் என்ற கனவோடு வந்தவர் கழிப்பறை கழுவலாம். பட்டதாரி எஞ்சின் அறையில் எண்ணெய் துடைக்கலாம். பொதுவாக வாரத்தில் ஐந்து நாள் இந்த வேலை, ஒரு நாள் கரையில் ஊழியம், ஒரு நாள் ஓய்வு. மொத்தமாக இரண்டு வருடம் இருப்பவர்கள்தான் அதிகம்.

சம்பளம்? ஒருவருக்கும் கிடையாது! கேப்டனுக்கும் இல்லை, டாக்டருக்கும் இல்லை, கப்பலிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கும் இல்லை. சொந்த ஊர்ச் சபையும் உறவும் நட்பும் சேர்ந்து தாங்குகிறார்கள். கப்பலேறும் முன்பே நடக்கிற வளர்ச்சி இது. கை நீட்டிக் கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளை, ஒரு மூதாட்டி முந்தானையிலிருந்து அவிழ்த்துத் தரும் நோட்டை வாங்கிக்கொள்ளப் பழக வேண்டும். அந்தக் காசில் வந்திருக்கிறோம் என்ற நினைப்பு இருந்தால் தட்டு கழுவும்போது கை தானாகச் சுத்தமாகக் கழுவும். பந்தியை விட்டு எழுந்து சீஷர்களின் பாதங்களைக் கழுவினாரே இயேசு, அந்தப் பகுதியைச் சிறுவயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் கேட்டவர்களுக்கு அது உடம்புக்குப் புரிகிற இடம் இந்த ஈரத் தரைதான்.

ஜன்னல் இல்லாத அறையும் கப்பல் அப்பா அம்மாவும்

அறைகள் சின்னஞ்சிறியவை. அடுக்குக் கட்டில், ஒரு அலமாரி. பலவற்றுக்கு ஜன்னலே கிடையாது. நீங்கள் பத்து மணிக்கு விளக்கணைக்கிற ஆள் என்றால் உங்கள் அறைத் தோழி இரவுப் பணி முடித்து இரண்டு மணிக்கு வருவாள். ஒருவர் வாய்விட்டுச் சத்தமாக ஜெபிப்பார், இன்னொருவர் கண் மூடி மௌனமாக உட்கார்ந்திருப்பார். பெந்தெகொஸ்தேக்காரர், லூத்தரன், பாப்டிஸ்ட் எல்லோரும் ஒரே தளத்தில். நம் சபை முறைதான் ஜெபத்தின் ஒரே முறை என்று நினைத்திருந்த மனசு, இங்கே மெல்ல மெல்ல அகலமாகிறது. இத்தனை பெரிய குடும்பமா நமக்கு என்று வியக்கத் தோன்றுகிறது!

குடும்பம் என்றதும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இளைஞர்களுக்கு ஒரு 'கப்பல் குடும்பம்' உண்டு! கப்பலில் இருக்கும் ஒரு தம்பதியர் அப்பா அம்மா ஆகிவிடுவார்கள். வேறு வேறு நாட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை. சேர்ந்து சாப்பிடுவார்கள், பிறந்தநாள் கொண்டாடுவார்கள், வீட்டு ஞாபகம் வந்தால் அழுவதற்கும் அங்கே இடம் உண்டு. இன்னொரு ரகசியம்: புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வருடம் காதலுக்கு அனுமதி இல்லை! அதற்குப் பிறகும் பெரியவர்களிடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். எல்லோருடனும் நட்பாகப் பழக வேண்டும், ஊழியத்தில் கவனம் சிதறக் கூடாது என்பதுதான் நோக்கம். ஆனாலும் இந்தக் கப்பல்களில் சந்தித்துத் திருமணம் செய்துகொண்ட தம்பதிகள் உலகமெங்கும் இருக்கிறார்கள். காத்திருந்து கிடைத்த அன்பு எவ்வளவு இனிமை!

கரையில் ஒரு நாள்

மறுபடி புத்தகத் தளத்துக்கு ஏறுவோம். விலைச் சீட்டைப் பாருங்கள், ரூபாயும் இல்லை, டாலரும் இல்லை. 'யூனிட்' என்று போட்டிருக்கும்! நாட்டுக்கு நாடு பணம் மாறுவதால், இத்தனை யூனிட்டுக்கு உள்ளூர்ப் பணத்தில் இவ்வளவு என்று ஒரு பலகை மட்டும் மாறும். என்ன கெட்டிக்காரத்தனம்! கப்பல் கிளம்பும் முன் அலமாரிகளை இறுகக் கட்டுவார்கள். அலை தூக்கிப் போட்டால் வரும் குமட்டலுக்கு உப்பு பிஸ்கட்டும் இஞ்சியும்தான் துணை.

கரை ஊழிய நாளில் சிறு குழுக்களாகப் பிரிந்து பள்ளி, மருத்துவமனை, சிறைச்சாலை, சபை என்று போவார்கள். ஓரிடத்தில் சுவருக்கு வண்ணம் பூசுவார்கள், இன்னோரிடத்தில் நூலகத்துக்குப் புத்தகம் கொடுப்பார்கள். கேட்கிறவர்களோடு தங்கள் விசுவாசத்தைப் பகிர்வார்கள். கொடுக்கத்தான் போகிறோம் என்று போன பிள்ளைகள், ஒரு சிறு வீட்டில் பாயில் உட்கார வைத்து வயிறு நிறையப் பரிமாறப்படுகிறார்கள். அந்த வீட்டு அம்மா அவர்கள் தலையில் கை வைத்து ஜெபிக்கிறார். கொடுப்பவர், பெறுபவர் என்ற கோடு அங்கேயே அழிந்துவிடுகிறது. வெளிநாட்டு அருட்பணிக்குப் போகும் இளைஞர் சீக்கிரமே கற்க வேண்டியது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். போகிற ஊரில் நமக்கு முன்பே தேவன் இருக்கிறார். அங்குள்ள சபை நமக்கு முன்பிருந்தே ஜெபித்துக்கொண்டிருக்கிறது. நாம் போய்ச் சேர்ந்துகொள்கிறோம், அவ்வளவே.

இதுவரை இந்தக் கப்பல்கள் 150-க்கும் மேற்பட்ட நாடுகளையும் ஆட்சிப் பகுதிகளையும் தொட்டிருக்கின்றன. நாலரைக் கோடிக்கும் மேற்பட்டோர் ஏறிப் பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய கணக்கு! ஆனால் தினமும் காலையில் எழுந்து அதே நபரோடு, அதே வேலையை, முகம் சுளிக்காமல் செய்யப் பழகிய ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இதே கப்பல்களிலிருந்துதான் வீடு திரும்பியிருக்கிறார்கள். சிலர் முழுநேர ஊழியத்துக்குப் போகிறார்கள். பலர் பழைய வேலைக்கும் படிப்புக்கும் போய், அலுவலகத்தில் யாரும் தொடாத வேலையை எடுத்துச் செய்கிறார்கள். இரண்டும் அழைப்புதான்!

உங்கள் சபையிலிருந்து ஒரு பிள்ளை இப்படிப் போய்வந்தால், ஞாயிறு ஆராதனையில் ஐந்து நிமிடம் சாட்சி சொல்ல வைத்து அனுப்பிவிடாதீர்கள். வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள். எத்தனை நாடு பார்த்தாய் என்பதோடு நிறுத்தாமல், யாரோடு அறையில் தங்கினாய், யாரோடு ஒத்துப்போகக் கஷ்டப்பட்டாய், எப்படி மன்னித்தாய் என்று கேளுங்கள். நல்ல கதைகளெல்லாம் அந்தக் கேள்விகளுக்குத்தான் வெளியே வரும்!